தோப்பின் மேல் நான் போட்ட பழி

நாகபுரியில் இருக்கும் என் மகனுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதித்தான் இத்தனை வருஷம் தொடங்கியிருக்கிறேன். இன்றைக்கு அந்த வரியை எழுதக் கை வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. முழங்கால் வலி வழக்கம்போல் இருக்கிறது, கண் இன்னும் ஊசியில் நூல் கோர்க்கிறது. உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. தபால்காரரிடம் நானே வாங்கி, நானே பிரித்து, நானே படித்தேன். இந்தத் தெருவில் கடிதம் வந்தால் படித்துச் சொல்ல ஆள் தேடுகிறவர்கள்தான் அதிகம். என்னை ஐந்தாவதோடு நிறுத்தினார்கள் என்றாலும், அந்த ஐந்தை நான் விட்டுவிடவில்லை. அது உனக்குத் தெரியும். அந்தப் பெருமை என்ன செய்தது என்பது மட்டும் உனக்குத் தெரியாது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

வைகாசியில் பாப்பாவை அழைத்துவந்து என்னிடம் விட்டு, இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்போவதாக எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததும் எழுந்துபோய் அவள் படுக்க எந்த இடம் காற்றாக இருக்கும் என்று ஒவ்வொரு அறையாகப் பார்த்தேன். எட்டு வயசுக் குழந்தை, தன் கையால் எனக்குத் தமிழில் நாலு வரி எழுதி அனுப்பியவள். அந்தக் காகிதத்தை எத்தனை பேரிடம் காட்டியிருக்கிறேன் என்று கேட்டால் உன் மனைவி சிரிப்பாள். திரும்பி வந்து மீதியைப் படித்தேன். “அதற்கு முன் கொல்லைத் தோப்பை வெட்டித் தரையாக்கிவிட மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறேன். குப்புவை அந்தத் தோப்புதான் கொண்டுபோயிற்று என்று நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. என் மகளை அதன் பக்கத்தில் விடமாட்டேன்” என்று எழுதியிருக்கிறாய். அப்படிச் சொன்னது நான்தான். சொன்னபோது உனக்குப் பதினாலு வயசு. நான் சொன்னது உண்மை இல்லை.

முதலிலிருந்து சொன்னால்தான் உனக்கு விளங்கும். நாம் மயிலாப்பூர்க் குளக்கரை வீட்டை விட்டு அடையாற்றுக்குத் தெற்கே வந்தபோது உனக்கு ஒரு வயசு. உன் நைனாவுக்கு அவர் அத்தை வழியாக இந்த வீடும், பின்னால் இந்தத் தோப்பும் வந்தன. தோப்பு என்று பேர்தானே தவிர யாரும் வரிசையாக வைத்து வளர்த்ததில்லை. நாவல், வேம்பு, இரண்டு புளி, அவற்றுக்குக் கீழே ஆள் நுழைய முடியாத களா, காரை முள்புதர்கள். வெயில் தரையில் படாது. வருஷக்கணக்கில் விழுந்த இலை கணுக்கால் வரை கிடக்கும். இங்கே வந்த பிறகு பிறந்த இரண்டு குழந்தைகளும் எனக்குத் தங்கவில்லை. மூன்றாவதாகப் பெண் பிறந்ததும் நம் பக்கத்தில் செய்கிறபடி செய்தோம். குழந்தையை முறத்தில் போட்டு, தோப்போரத்து இலைக்குப்பையின் மேல் வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். வீட்டு வேலை செய்த அஞ்சலை, யாரோ போட்ட பிள்ளையை எடுக்கிறமாதிரி எடுத்துக்கொண்டு வாசல் வழியாக வந்தாள். ஒரு படி தவிட்டைக் கொடுத்து என் பிள்ளையை நானே வாங்கிக்கொண்டேன். வேண்டாமென்று குப்பையில் போட்ட பிள்ளை, இதை எடுத்துப்போய் என்ன ஆகப்போகிறது என்று எமன் நினைத்துக்கொள்ள வேண்டும். அதனால் குப்பம்மாள் என்று பேர். உன் தங்கை குப்பு.

அவள் ஆறு வயசு முதல் அந்தத் தோப்பிலேயே கிடந்தாள். நீ அப்போது சாந்தோம் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்காக மயிலாப்பூரில் மாமா வீட்டில் இருந்தாய், ஞாயிற்றுக்கிழமைதான் வருவாய். ஐப்பசி பிறந்து முதல் மழை பிடித்ததும் தோப்புக்குள்ளிருந்து ஒரு சீழ்க்கை கேட்கும். இரண்டே சுரம். முதலாவது மேலே போகும், இரண்டாவது கீழே இறங்கும். விடிகிறபோது ஒரு தரம், விளக்கு வைக்கிறபோது ஒரு தரம். கடிகாரம் நின்றுபோனால் அதைக் கேட்டுத் திருப்பி வைக்கலாம் என்பார் உன் நைனா. ஆற்றங்கரைக் குடிசைக்காரர்கள் ஆறுமணிக் குருவி என்பார்கள். சத்தம்தான் எல்லாருக்கும் தெரியும், பார்த்தவர்கள் கிடையாது. குப்பு பார்த்தாள். நாவல் மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்திருந்து, எறும்பு கடித்தாலும் கையை எடுக்காமல் பார்த்தாள். “அம்மா, அது மத்த குருவிமாதிரி கிளையில இல்ல. தரையில இருக்கு. ரெண்டு தத்து தத்தும், ஒரு இலையைப் புரட்டும், கீழ இருக்கிற புழுவைத் தின்னும். வாலே இல்ல. இருக்கிற துண்டு வாலை ஆட்டிக்கிட்டே இருக்கு” என்பாள். வயிற்றுக்கு அடியில் குங்குமத்தைத் தடவிவிட்டமாதிரி சிவப்பு என்பாள். வாம்மா, காட்டறேன் என்று எத்தனை நாள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அடுப்பில் வேலை இருக்கிறது என்பேன். வேலை இருந்தது, பொய் இல்லை. உன் நைனா ஒரு நாள் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தார். அன்று முழுக்க அப்பாவும் பெண்ணும் என்னைக் கேலி செய்தார்கள்.

அவளுக்கு ஒன்பது முடிந்த வருஷம் மார்கழியில் சாயங்காலமானால் உடம்பு சுட ஆரம்பித்தது. கூடவே ஒரு வறட்டு இருமல். அந்தப் பக்கம் மாம்பலத்தில் பெரிய ஏரியைத் தூர்த்து, தோப்புகளை வெட்டி, புது ஊருக்குக் கயிறு பிடித்து அளந்துகொண்டிருந்த சமயம். ஊரெல்லாம் காய்ச்சல் இருந்தது. உன்னையும் பிடித்துவிடும் என்று, பொங்கலுக்குக்கூட வரவேண்டாமென மாமா வீட்டிலேயே நிறுத்திவைத்திருந்தோம். வீடு வீடாக ஒரு சுகாதார நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார்கள். வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்க விடாதே, குப்பையைச் சேரவிடாதே, அதிலிருந்துதான் நோய் வருகிறது என்று அச்சடித்திருந்தது. அதில் தப்பு ஒன்றும் இல்லை. அந்த நோட்டீஸை நம் தெருவில் படிக்கத் தெரிந்த பொம்பிளை நான் ஒருத்திதான். நாலு வீட்டுக்குப் போய் உரக்கப் படித்துக் காட்டினேன். வீட்டுக்குத் திரும்பி வந்து கொல்லைக் கதவைத் திறந்தேன். அந்த அழுகல் இலையைப் பார்த்தேன். என் பெண் தினமும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தேன். தீர்ந்துபோயிற்று. போகிக்குள் ஒரு இலை இல்லாமல் வாரி, போகியன்று கொளுத்திவிட வேண்டும் என்று அஞ்சலையைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

அவள் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டாள். “இன்னாம்மா நீ, கொல்லையப் பெருக்கு, பெருக்குறேன். தோப்பப் பெருக்கச் சொன்னா? காட்டுக்கு எவனாவது தொடப்பம் போடுவானா?”

“குழந்தைக்குக் காய்ச்சல் அதுலேர்ந்துதான் வருது. நோட்டீசுல போட்டிருக்கு.”

“நோட்டீசு போட்டவன் வந்து நம்ம தோப்பப் பாத்தானா?”

“படிக்கத் தெரிஞ்சவ சொல்றேன், செய்யி.”

“நீ படிச்சவதான், யாரு இல்லேன்னா. ஆனா அந்தப் புள்ளைய அந்தக் குப்பையிலேர்ந்து எடுத்தது இந்தக் கையி. குப்பைக்குக் குடுத்துட்டு வாங்கின புள்ளம்மா அது. அதுல போயி நான் நெருப்பு வெக்கமாட்டேன். வேற ஆளப் பாத்துக்கோ.”

அவளை மூடம் என்று திட்டினேன். எழுதப் படிக்கத் தெரிந்த நான், முறத்தில் வைத்து எடுத்ததை எல்லாம் சாத்திரமாக நினைத்துக்கொண்டிருக்க முடியுமா என்று அப்போது தோன்றிற்று. வேறு இரண்டு ஆட்களை வைத்து நாலு நாள் வாரினேன். களாப் புதரைக் கழித்தேன், காரையைக் கழித்தேன். தரை மண் தெரிந்தது. ஆள் உயரத்துக்கு மூன்று குவியல். உன் நைனா மட்டும் ஒரு தடவை, “ஈரமா இருக்கு, எரியாது, புகையும். விடேன்” என்றார். “உங்களுக்கு ஆபீசு வேலை தெரியும், வீட்டு வேலை எனக்குத் தெரியும்” என்றேன். அதற்கு மேல் அவர் பேசுகிறவர் இல்லை.

போகியன்று விடிகிறதுக்கு முன்னால் பழைய பாயையும் முறத்தையும் மேலே போட்டு நானே கொளுத்தினேன். பாய் எரிந்தது. இலை எரியவில்லை. அடியில் ஊறிக் கிடந்த இலை மூன்று நாள் கனிந்து புகைந்தது. காற்று தோப்பிலிருந்து வீட்டுப் பக்கம் அடித்தது. குப்பு படுத்திருந்த அறையின் ஜன்னல் தோப்பைப் பார்த்த ஜன்னல். பறவையைக் கேட்க வேண்டும் என்று அவளே கேட்டு வாங்கிக்கொண்ட இடம். ஜன்னலை அடைத்தேன், இடுக்கில் ஈரத்துணி வைத்தேன். புகை கூரை ஓட்டு வழியாக இறங்கிற்று. தண்ணீர் ஊற்றினால் இன்னும் புகைந்தது. பொங்கலன்று பால் பொங்குகிறபோது எல்லாரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றோம். போகிக்கு முன்னால் அவளுக்கு இருந்த இருமல் வேறு, அதற்குப் பின்னால் வந்த இருமல் வேறு. இதை நான் இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

புகை அடங்கின பிறகு ஜன்னலைத் திறந்துவிட்டேன். விளக்கு வைக்கிற நேரம். அவள் தலையணையில் சாய்ந்து காதை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. “ஏம்மா கூப்பிடல?” என்றாள். நாளைக்குக் கூப்பிடும் என்றேன். மறுநாளும் கேட்டாள், நாளைக்கு என்றேன். மூன்றாம் நாள் அவள் கேட்கவே இல்லை. என் முகத்தை மட்டும் பார்த்தாள். பெண்பிள்ளை சீழ்க்கை அடிக்கக்கூடாது என்று என் அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். அந்த நான், நாலாம் நாள் சாயங்காலம் கிணற்றுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, உதட்டைக் குவித்து, முதலாவதை மேலேயும் இரண்டாவதைக் கீழேயுமாக இரண்டு தரம் சீழ்க்கை அடித்தேன். முதலில் காற்றுதான் வந்தது. பிறகு வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள்போல் அறைக்குள் வந்தேன். “கேட்டியா?” என்றேன்.

“கேட்டேன். அது நீ.”

முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டேன்.

“அதுக்கு மூச்சு இவ்வளவு நீளமில்லம்மா. பரவால்ல. நல்லாத்தான் இருந்துது. நாளைக்கும் பண்ணு” என்றாள்.

மாசி மாசம் பதினோராம் நாள் வரைக்கும் தினமும் பண்ணினேன். பன்னிரண்டாம் நாள் அவள் இல்லை.

மயிலாப்பூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்த டாக்டரிடம், எல்லாம் முடிந்த பிறகு, அந்த இலையால்தானே வந்தது என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்லிவிட மாட்டாரா என்று இருந்தது. அவர் நல்ல மனுஷர். “இலைக்கும் இந்த நோவுக்கும் சம்பந்தமில்லைம்மா. இது ஆளுக்கு ஆள் தொத்திக்கிறது. நெஞ்சில ரொம்ப நாளா இருந்திருக்கு. ஆனா அந்தப் புகை...” என்றார். என்னைப் பார்த்தார், பையை மூடிக்கொண்டார். அவர் முடிக்காமல் விட்ட அந்தப் பேச்சை இன்றுவரை நான்தான் முடித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் ஒரு மாதிரி முடியும், இன்னொரு நாள் வேறு மாதிரி முடியும்.

நீ மாமாவோடு வந்தாய். அழவில்லை. எப்படிம்மா என்று கேட்டாய். அந்த ஒரு கணத்தில் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். உன் கண்ணைப் பார்க்கத் தைரியமில்லாமல் கையை நீட்டித் தோப்பைக் காட்டினேன். அதுதான் கொண்டுபோயிற்று என்றேன். நீ அரிவாளை எடுத்துக்கொண்டு போய், நான் ஏற்கனவே கழித்துப் போட்டிருந்த புதரின் கட்டைகளை வெட்டினாய். கையில் கொப்புளம் வரும்வரை வெட்டினாய். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு நீ அந்தப் பக்கம் கால் வைக்கவில்லை. தாய் சொன்னதைப் பிள்ளை எவ்வளவு காலம் சுமந்துகொண்டிருக்கும் என்று எனக்கு வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது. உன் மகள் உன்னை ஏதாவது கேட்டால், கேட்ட அந்த நிமிஷமே உள்ளதைச் சொல்லிவிடு. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளினால் பிறகு என்பது வராது.

அடுத்த ஐப்பசியில் மழை வந்தது, பறவை வரவில்லை. ஆறு மணிக்குக் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு நின்றேன். அஞ்சலையை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டிருந்தேன். அவள் தரையைக் காலால் தேய்த்துக் காட்டி, “வந்தா இங்க இன்னா துன்னும்? மண்ணையா?” என்றாள். அன்றோடு தோப்பில் துடைப்பம் படக்கூடாது என்று சொல்லிவிட்டேன். விழுந்தது விழுந்த இடத்தில் கிடக்கட்டும், முளைத்தது முளைத்தபடி இருக்கட்டும். விறகுக்கென்று ஒரு சுள்ளி எடுக்க விடவில்லை. உனக்கு நினைவிருக்கும், உன் அம்மா வீட்டைக் கண்ணாடிமாதிரி வைத்திருக்கிறவள் என்று மயிலாப்பூரில் பேர். பக்கத்து வீட்டு அம்மாள் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, “உங்க வீட்டுல தொடப்பம் தேஞ்சுபோச்சா? எங்க வீட்டுலேர்ந்து ஒண்ணு குடுத்தனுப்பட்டுமா?” என்று கேட்டாள். “குடுத்தனுப்புங்க, உங்க வாசலுக்கு நானே வந்து பெருக்கறேன்” என்றேன். உள்ளே வந்து அழுதேன். பெருமைக்காரிக்கு அது பெரிய தண்டனைதான். ஆனால் போதாது.

இரண்டு வருஷம் சத்தமில்லை. மூன்றாவது ஐப்பசியில் ஒரு நாள், காற்றும் மழையுமாக அடித்துக்கொண்டிருந்த சாயங்காலம், தாழ்வாரத்தில் விளக்கு ஏற்றிவைத்தேன். சுவரில் ஏதோ மோதிற்று. குனிந்து பார்த்தால் தரையில் ஒரு பறவை. மைனா அளவு. வால் இல்லை. முதுகு பச்சை, கண்ணுக்குக் குறுக்கே மை தீட்டினமாதிரி ஒரு கறுப்புக் கோடு, தொண்டை வெள்ளை, தோளில் ஒரு நீலம், வயிற்றுக்கு அடியில் சிவப்பு. குங்குமம் என்று அவள் சொன்னது சரி. கையில் எடுத்தேன். பஞ்சுக்குள் எலும்பை வைத்துத் தைத்தமாதிரி இருந்தது. எத்தனை தூரம் பறந்து வந்ததோ, மார்பு எலும்பு கத்திமாதிரி துருத்திக்கொண்டிருந்தது. கண்ணை மூடி மூடித் திறந்தது. கூடையைக் கவிழ்த்து மேலே துணி போட்டு வைத்தேன். விடிந்ததும் தோப்போரத்தில் கூடையைத் தூக்கினேன். அது பறக்கவில்லை. இரண்டு தத்துத் தத்தி, ஒரு இலையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நிழலுக்குள் போய்விட்டது. நாலாம் நாள் சாயங்காலம் கூப்பிட்டது. மேலே போய்க் கீழே இறங்கும் அந்த இரண்டு சுரம். கேட்டதும் என் கால் தானாக அந்த அறைப் பக்கம் போயிற்று. சீழ்க்கைக்குப் பிறகு ஒரு இருமல் கேட்க வேண்டும் என்று நின்றேன். இன்றைக்கும் அப்படித்தான் நிற்கிறேன். வருஷத்தில் ஆறு மாசம், நாளைக்கு இரண்டு தரம். சில நாள் கூப்பிடுவது பறவையா, கிணற்றுக்குப் பின்னால் நிற்கிற நானா என்று தெரியாமல் போய்விடுகிறது. உன் நைனா போன பிறகு இதைச் சொல்லக்கூட ஆளில்லை.

அவள் பார்த்ததை எல்லாம் நான் இப்போது பார்க்கக் கற்றுக்கொண்டேன். நாவல் மரத்தடியில் மணை போட்டு உட்காருகிறேன். ஒரு பறவை ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டால் இன்னொன்றை உள்ளே விடாது. வெட்டவெளியில் வராது, நிழலை விட்டு நிழலுக்குத்தான் தத்தும். மக்கின இலைதான் அதற்குச் சோறு. மேலே காய்ந்த இலை, நடுவில் ஊறின இலை, அடியில் மண்ணோடு மண்ணான இலை. அந்த அடித்தட்டு வருவதற்கு மூன்று வருஷம் ஆகிறது என்பதை நான் காத்திருந்து தெரிந்துகொண்டேன். ஒரு தடவை ஒரு ஆள் நூல் கண்ணி வைத்துக்கொண்டிருந்தான். அத்தனையையும் பிடுங்கிச் சுருட்டினேன். “இன்னா ஆயா, ஒரு வாய்க் கறி காணாது, இதுக்குப் போய் சண்டைக்கு வர்றே” என்றான். “காணாதுன்னு உனக்கே தெரியுதில்ல, அப்ப எதுக்கு வெக்கறே?” என்றேன். சிரித்துக்கொண்டே போனான். மறுநாளும் வந்தான், நானும் உட்கார்ந்திருந்தேன். பத்து நாள் கழித்து வரவில்லை.

சித்திரை வெயிலில் அது போய்விடும். எங்கே போகிறது என்று இங்கே யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், நீதான் எழுதினாய். முந்தின வருஷம் ஆனியில், மழை பிடித்ததிலிருந்து நீ வேலை பார்க்கிற ரயில் லைன் ஓரத்துக் காட்டில் ஒரு பறவை நாளெல்லாம் இரண்டு சுரத்தில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது, தலையை அண்ணாந்து கூப்பிடுகிறது என்று எழுதினாய். புதரைக் கழித்த ஆட்கள், இலையும் சுள்ளியும் உருண்டையாகக் கட்டின ஒரு கூட்டைத் தரையிலேயே பார்த்தார்கள், பக்கவாட்டில் வாசல், உள்ளே குஞ்சு இருந்தது, அந்தப் புதரை மட்டும் விட்டுவிடச் சொன்னேன் என்றும் எழுதினாய். போகிற போக்கில் எழுதின வரி, உனக்கு மறந்திருக்கும். அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நாவல் மரத்தடிக்குப் போனேன். அங்கே பெற்று வளர்த்துவிட்டு இங்கே பிழைக்க வருகிறது. உன்னிடமிருந்து என்னிடம் வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். அசட்டு நினைப்புத்தான்.

போன தையில் உன் மாமா பெண் மாம்பலத்தில் கட்டின புது வீட்டைப் பார்க்கப் போனேன். நேர் நேராக ரோடு, ரோட்டுக்கு இரண்டு பக்கமும் நட்ட செடி, வீட்டைச் சுற்றிப் பெருக்கித் தெளித்த மண். அழகாகத்தான் இருந்தது. மனுஷர் இருக்க வீடு வேண்டாமா? ஆறு மணிக்கு மாடியில் போய் நின்றேன். காக்கை கரைந்தது, பஸ் ஊதிற்று, அவ்வளவுதான். ஐப்பசிக் காற்றில் எலும்பும் தோலுமாக வந்து விழுகிறது எங்கே போய் இறங்கும்? ஆற்றங்கரையில் நம்முடையதைத் தவிர இன்னும் இரண்டு தோப்பு இருக்கிறது. ஒன்றில் சுண்ணாம்புக் காளவாய் போடப்போகிறார்களாம்.

நேற்று உன் மேஸ்திரி ஆட்களோடு வந்துவிட்டார். நான் மணையை எடுத்துக்கொண்டு போய் நடுவில் உட்கார்ந்தேன். “இன்னா ஆத்தா, உங்க புள்ளதான் வெட்டச் சொல்லிகீறாரு. நீங்க ஒக்காந்துகினு இருந்தா நான் இன்னா பண்றது?” என்றார். ஒரு கடிதம் எழுதவேண்டியிருக்கிறது, பதில் வரட்டும் என்றேன். நல்லவர், பதினைந்து நாள் என்று சொல்லிவிட்டுக் கோடரிகளை மாட்டுக்கொட்டிலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பங்குனி முடியவில்லை, பறவை இன்னும் இங்கேதான் இருக்கிறது.

தோப்பு உன் பேரில் இருக்கிறது, என்னைக் கேட்க வேண்டியதில்லை. வீடு கட்ட வேண்டும் என்று வெட்டினால் வெட்டு, கிணறு தோண்ட வேண்டும் என்று வெட்டினால் வெட்டு, நான் குறுக்கே உட்கார மாட்டேன். குப்புவின் பேரைச் சொல்லி மட்டும் வெட்டாதே. அவளை அது ஒன்றும் செய்யவில்லை. இதை எழுதினால் என்ன ஆகும் என்று நாலு நாளாக யோசித்தேன். இப்படி ஒரு காரியம் செய்துவிட்டு, இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தவளிடம் உன் பெண்ணை விட உனக்கு மனசு வராமல் போகலாம். வேண்டாமென்று நீ எழுதினால் ஏன் என்று கேட்க மாட்டேன். அவளுக்கென்று பார்த்துவைத்த அறையின் ஜன்னலும் தோப்பைப் பார்த்ததுதான், வேறு நல்ல அறை இந்த வீட்டில் இல்லை. யோசித்து முடிவு செய். உன் மகளுக்காகப் பயப்படுவதென்றால், தோப்பை விட்டுவிட்டு என்னைப் பார்த்துப் பயப்படு.

உன் அம்மா